ஏழாம் வகுப்பு மகனுக்கு அறிவியலில் டி கிரேடு: எக்ஸ்ட்ரா கிரெடிட் எப்படிக் கேட்பது?

மன்னார்குடி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடியிலிருந்து குடும்பத்தோடு அமெரிக்காவிற்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. ஊரில் முதல் மூன்று ரேங்கிற்குள் வந்துகொண்டிருந்த என் மகனுக்கு இங்கே ஏழாம் வகுப்பு அறிவியலில் டி என்று நேற்றிரவு இணையத்தில் பார்த்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. பருவம் முடிய இரண்டு வாரமே இருக்கிறது. எக்ஸ்ட்ரா கிரெடிட், அதாவது கூடுதல் வேலை செய்து பெறும் புள்ளி, வாங்கினால் கிரேடு ஏறிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதை யாரிடம் கேட்க வேண்டும்? பணம் கட்ட வேண்டுமா? இந்த டி கல்லூரி வரைக்கும் பின்தொடருமா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கும்பகோணம்:
கவலைப்படாதீர்கள், சகோதரி. பிள்ளையைப் போட்டிகளில் சேர்த்துவிடுவதே நல்ல வழி. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு மேத்கவுன்ட்ஸ் என்ற கணிதப் போட்டி இருக்கிறது. ஏஎம்சி 8 என்ற கணிதப் போட்டித் தேர்வில் 40 நிமிடத்தில் 25 கணக்குகள் போட வேண்டும். சயின்ஸ் ஒலிம்பியாடில் நடுநிலைப் பள்ளிக்கென்றே தனிப் பிரிவு உண்டு. எங்கள் மகள் இவற்றுக்குப் பழகிய பிறகு பள்ளிப் பாடம் அவளுக்கு எளிதாகிவிட்டது. இப்போதே தொடங்கினால் அடுத்த ஆண்டிற்குள் நல்ல நிலைக்கு வந்துவிடுவான்.

திருவையாறு:
அடுத்த ஆண்டைப் பற்றி அவர் கேட்கவில்லையே. இருந்தாலும் என் கருத்தையும் சொல்கிறேன். நாங்கள் வந்திறங்கியது கடும் பனிக்காலத்தில். கார் இல்லை, வீட்டில் இருந்த ஒரே கணினியும் என் அலுவலக வேலைக்கே போதவில்லை. ஊரில்போல டைரியில் வீட்டுப்பாடம் எழுதி அனுப்புவார்கள் என்று நாங்கள் காத்திருக்க, எல்லாமே கூகுள் கிளாஸ்ரூம் என்ற இணையதளத்தில் வந்துகொண்டிருந்ததைச் சொல்ல ஒருவரும் இல்லை. பிள்ளைகள் நூலகத்தில் உட்கார்ந்து தாங்களாகவே படித்து மேலே வந்தார்கள். ஆசிரியரிடம் போய் மதிப்பெண் கேட்டு நிற்பது நமக்கு அழகில்லை. அந்த டி அப்படியே இருக்கட்டும், அடுத்த பருவத்தில் உழைத்து ஏறட்டும்.

நாகப்பட்டினம்:
அண்ணன் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த நாட்டுப் பள்ளிகளில் மாணவர் வாய்விட்டுக் கேட்பதை யாரும் குறையாக நினைப்பதில்லை. கேட்காமல் இருந்தால்தான் பிள்ளைக்கு அக்கறை இல்லை என்று எண்ணிவிடுகிறார்கள். எக்ஸ்ட்ரா கிரெடிட்டிற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. அது பெரும்பாலும் அந்தந்த ஆசிரியரின் விருப்பத்தைப் பொறுத்தது. ஒருவர் தேர்வின் கடைசியில் போனஸ் கேள்வி வைப்பார், இன்னொருவர் அறிவியல் செய்தி ஒன்றைப் படித்துச் சுருக்கி எழுதச் சொல்வார், வேறொருவர் அருங்காட்சியகத்திற்கோ கோளரங்கத்திற்கோ போய்வந்து ஒரு பக்கம் எழுதினால் சில புள்ளிகள் சேர்ப்பார். ஆண்டின் தொடக்கத்தில் கொடுக்கும் சிலபஸ் தாளில் இதற்கான விதி இருக்கும். 1 முதல் 4 வரை எண்ணாகத் தரம் போடும் பள்ளிகளில் எக்ஸ்ட்ரா கிரெடிட் பெரும்பாலும் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பட்டுக்கோட்டை:
சிலபஸ் தாளை எந்தப் பிள்ளை வீட்டிற்குக் கொண்டுவந்து காட்டுகிறது? காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று ஊரில் மூன்று தேர்வுக்குப் படித்தால் போதும். இங்கே தினமும் ஏதாவது ஒன்றுக்கு மதிப்பெண். சென்ற வாரம் செல்லின் அமைப்பை வரைய வண்ண அட்டையும் பசையும் வாங்க இரவு ஒன்பது மணிக்குக் கடை தேடி அலைந்தோம்.

திருவையாறு:
உண்மைதான். அதையும் பெற்றோர்தான் ஓடி ஓடிச் செய்ய வேண்டியிருக்கிறது.

நன்னிலம்:
கேள்வி கேட்டவர் இன்னும் கவலையோடுதான் இருக்கிறார், அவர் கேட்டதற்கு வருவோம். நான் ஊரில் நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன், இங்கே வகுப்பறை உதவியாளராக வேலை பார்க்கிறேன். நம் பள்ளிகளில் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தது உங்களுக்கு நினைவிருக்கும். இங்கேயும் கிரேடு அப்படிப் பல பகுதிகளைச் சேர்த்தே வருகிறது. ஆகவே நான்கு விவரங்கள் தெரியாமல் யாரும் சரியான வழி சொல்ல முடியாது: எந்த மாநிலம், வீட்டுப்பாடத்திற்கும் தேர்விற்கும் எத்தனை விழுக்காடு, பதிவேட்டில் மிஸ்ஸிங் (கொடுக்கப்படாதவை) என்று எத்தனை இருக்கின்றன, மகன் ஆங்கிலம் கற்போருக்கான வகுப்பில் இருக்கிறானா? முதலில் பவர்ஸ்கூல், கேன்வாஸ் என மதிப்பெண் காட்டும் இணையதளங்களில் உங்கள் பள்ளி எதைப் பயன்படுத்துகிறதோ அதைத் திறந்து, கிரேடு எழுத்தின்மேல் அழுத்தி, ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

மன்னார்குடி:
பார்த்துவிட்டேன், அம்மா. நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். தேர்வுகளில் எழுபதுக்கு மேல் வாங்கியிருக்கிறான். ஆனால் ஐந்து வீட்டுப்பாடங்களுக்கு நேரே பூஜ்யம் இருக்கிறது. அவனைக் கேட்டால் மூன்றை முடித்துப் பையிலேயே வைத்திருக்கிறான், யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லையாம். ஆங்கில உதவி வகுப்பில் அவன் இல்லை.

நன்னிலம்:
அப்படியானால் உங்கள் மகனுக்கு அறிவியல் வராமல் இல்லை, தாள்தான் ஆசிரியரிடம் போய்ச் சேரவில்லை. எக்ஸ்ட்ரா கிரெடிட்டைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தப் பூஜ்யங்களை நீக்க வேண்டும். பத்து வீட்டுப்பாடம், ஒவ்வொன்றிற்கும் 10 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பாடங்களில் தலா 9 வாங்கி, மீதி இரண்டைக் கொடுக்காவிட்டால் மொத்தம் 72, அது சி. அந்த இரண்டையும் தாமதமாகக் கொடுத்துப் பாதிப் புள்ளியே கிடைத்தாலும் 82 ஆகி பி வந்துவிடும். அதே 72-இன்மேல் 5 புள்ளி எக்ஸ்ட்ரா கிரெடிட் வாங்கினால் 77 தான், இன்னும் சி. பல பள்ளிகளில் ஏ, பி, சி கிரேடுகளுக்கு முறையே 90, 80, 70 என்பவையே எல்லைகள், உங்கள் பள்ளியில் எப்படி என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியருக்கு மின்னஞ்சலை மகனே எழுதட்டும், நீங்கள் நகலில் இருங்கள். தான் புதிதாக வந்தவன் என்பதையும், எந்த ஐந்து பாடங்கள் பாக்கி என்பதையும் பெயரோடு எழுதி, தாமதமாகக் கொடுத்தால் ஏற்பீர்களா, தேர்வில் தவறியவற்றைத் திருத்தி எழுதிப் புள்ளி மீட்க வழியுண்டா, எக்ஸ்ட்ரா கிரெடிட் ஏதாவது உண்டா என்று இந்த வரிசையிலேயே கேட்க வேண்டும். கிரேடை ஏற்றித் தாருங்கள் என்ற சொல் வரவே கூடாது. இரண்டு நாளில் பதில் இல்லையென்றால் பள்ளி கவுன்சலருக்கு எழுதுங்கள். உங்களுக்கு ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம். 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தின்கீழ், பெற்றோருக்குப் புரியும் மொழியில் தகவல் சொல்வது பள்ளியின் கடமை.

கல்லூரி பற்றிக் கேட்டீர்கள். ஏழாம் வகுப்பு அறிவியல் கிரேடு கல்லூரி விண்ணப்பத்திற்குப் போவதில்லை. எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 போன்ற உயர்நிலைப் பாடம் எடுத்தால், சில ஊர்களில் அது உயர்நிலைப் பள்ளிச் சான்றில் ஏறும், அவ்வளவுதான்.

நாகப்பட்டினம்:
ஒருவேளை எக்ஸ்ட்ரா கிரெடிட்டிற்கு எழுதச் சொல்லி, ஆசிரியர் தலைப்பை உங்களிடமே விட்டால், தம்பி காவிரியைப் பற்றி எழுதட்டும். முக்கொம்பில் ஆறு பிரிந்து வெள்ளம் கொள்ளிடத்தில் போவதையும், கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று நீர் பகிரப்படுவதையும், ஆறு சுமந்துவந்த வண்டல் படிந்தே நம் டெல்டா உருவானதையும் படம் வரைந்து விளக்கினால், அது முழுக்க அறிவியல் பாடம்தான். இணையத்தில் இருந்து எடுத்து ஒட்டாமல் அவன் சொந்தமாக எழுதக்கூடிய தலைப்பும்கூட.

மன்னார்குடி:
மின்னஞ்சலை அவனே எழுதி அனுப்பிவிட்டான். பையிலிருந்த மூன்று தாள்களையும் நாளைக் காலை கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நன்னிலம்:
கொடுப்பதற்கு முன் மூன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். தாளில் பெயர், பீரியட் எண், பாடத்தின் தலைப்பு மூன்றும் இருக்க வேண்டும். பெயரில்லாத தாள் ஆசிரியர் மேசையிலேயே தங்கிவிடும். ஒரு வாரத்தில் பதிவேட்டில் பூஜ்யம் மாறாவிட்டால் அந்தப் படத்தோடு மீண்டும் எழுதட்டும். மற்ற இரண்டையும் இந்தச் சனி, ஞாயிறுக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள்.