துக்க நாவலில் உங்களைக் காட்டிக்கொடுத்த பக்கம் எது?

அழ வைத்த பக்கத்தைக் கேட்கவில்லை, அது எல்லோரிடமும் ஒன்று இருக்கும். "இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாச்சே, இவருக்கு யார் சொன்னது?" என்று நீங்கள் சட்டென மூடிவைத்த பக்கம் உண்டா? இளையோர் நாவல்களைத்தான் கேட்கிறேன். முதலில் என் கதை.

எனக்கு அது பேட்ரிக் நெஸ் எழுதிய 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2011). பதின்மூன்று வயதுப் பையன். அம்மாவுக்குத் தீராத நோய். நள்ளிரவு 12.07க்கு வீட்டுக்குப் பின்னால் நிற்கும் யூ மரம் பூதமாக எழுந்து வருகிறது. மூன்று கதைகளை அது சொல்லும், நான்காவதை அவன் சொல்ல வேண்டும், அதுவும் உண்மையாக இருக்க வேண்டும். அந்த உண்மையைத் தொடாமல் மேற்கொண்டு பேச முடியாது. வாசிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

அம்மா பிழைக்க வேண்டும் என்று தவிக்கிற அதே பையன், இதெல்லாம் எப்படியாவது முடிந்து தொலையட்டும் என்றும் நினைத்திருக்கிறான். அவ்வளவுதான் உண்மை. என் அப்பா எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். ஏழாவது மாதம் ஒரு விடியற்காலை அவர் இருமல் கேட்டு எழுந்தபோது எனக்குள் என்ன ஓடியது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் போன அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை ஆறு வருடமாக நான் எனக்கு மன்னிக்கவே இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு முகம் கழுவப் போனேன்.

இந்தக் கதையின் கரு ஷிவான் டவுட் என்ற எழுத்தாளருடையது. அவர் 2007இல் மார்பகப் புற்றுநோயில் இறந்துவிட, விட்டுப்போன கருவை நெஸ் நாவலாக்கினார். வாசித்து முடித்த பிறகுதான் இது எனக்குத் தெரியும். அதுவும் நல்லதுதான். முன்பே தெரிந்திருந்தால் மரியாதையோடு வாசித்திருப்பேன், இவ்வளவு கிட்டே போயிருக்க மாட்டேன்.

*

எனக்கும் அதே நாவல்தாங்க, பக்கம் வேற. அந்தப் பையன் பாட்டி வீட்டு முன்னறையை அடிச்சு நொறுக்குவான். திட்டு விழும், அடி விழும்னு காத்துக்கிட்டு நிப்பான். ஒண்ணும் நடக்காது. ஸ்கூல்லயும் அதே கதை. உன்னைத் தண்டிச்சு என்ன ஆகப்போகுதுங்கற மாதிரி பார்ப்பாங்க.

எனக்குப் பதினாறு வயசுல அண்ணன் போயிட்டான். அப்புறம் வீட்டுப்பாடம் செய்யலன்னா யாரும் கேக்க மாட்டாங்க. நான் உள்ள நுழைஞ்சா சிரிச்சுக்கிட்டு இருந்தவங்க வாயை மூடிக்குவாங்க. எல்லாரும் நல்லவங்கதான், அதான் கொடுமையே. மூணு மாசம் கழிச்சு ஒருத்தி மட்டும், "வாங்குன நோட்டை ஒழுங்கா திருப்பிக் குடுக்கத் தெரியாதா உனக்கு?"ன்னு எல்லார் முன்னாடியும் கத்தினா. அன்னைக்குத்தான் நான் திரும்ப மனுஷியானேன். இன்னைக்கும் எனக்கு ரொம்ப நெருங்கின தோழி அவதான். அந்த நோட்டைத் திருப்பிக் குடுத்தேனான்னு ஞாபகம் இல்ல.

*

நான் ஒரு புத்தகத்தைப் பாதியில் வீசியெறிந்தவள். ஜாண்டி நெல்சனின் 'தி ஸ்கை இஸ் எவ்ரிவேர்' (2010). பதினேழு வயது லென்னி, திடீரென்று இதயம் நின்று செத்துப்போன அவள் அக்கா. நாடக ஒத்திகையின்போது நடந்த சாவு. லென்னி கையில் கிடைத்த தாளில், காகிதக் கோப்பையில் எல்லாம் கவிதை கிறுக்கிக் கண்ட இடத்தில் விட்டுவிட்டுப் போவாள். அது வரைக்கும் சரி. அப்புறம் அக்காவின் காதலனையே முத்தமிடுகிறாள். 'சீ' என்று வைத்துவிட்டேன்.

என் அக்கா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது அப்போது. நானும் அவளுடைய நெருங்கிய தோழியும் தினமும் ராத்திரி போனில் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம். அக்கா இருந்தவரை எனக்கு அந்தப் பெண்ணைக் கண்டாலே ஆகாது. "அப்படி என்னதான் பேசுகிறீர்கள்?" என்று கணவர் கேட்டார். பேசுவதற்கு ஒன்றுமே இருக்காது. அக்கா பெயரை நான் சொன்னால் எதிரில் திடுக்கிடாத குரல் உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது. ஒருநாள் போனை வைத்ததும் லென்னி நினைவு வந்தது. வீசியதைத் தேடி எடுத்து முடித்தேன்.

நாவலில் எனக்குக் குறை உண்டு. புதிதாக வரும் அந்த இசைக்காரப் பையன் ரொம்ப அழகு, ரொம்ப நல்லவன். துக்கத்துக்கு அவ்வளவு சுலபமாக வைத்தியன் கிடைப்பதில்லை. ஆனால் பாட்டியும் துக்கத்தில்தான் இருக்கிறாள் என்பதை அந்தப் பெண் கவனிக்கவே இல்லை பாருங்கள், அது நிஜம். நான் எங்கள் அம்மாவைக் கவனிக்க ஒரு வருடம் ஆனது.

*

நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடட்டுமா? மனைவி இறந்த ஒரே மாதத்தில் என் மகளுக்கு இந்த மாதிரிப் புத்தகங்கள் ஐந்து அன்பளிப்பாக வந்தன. கொடுத்தவர்கள் எல்லோரும் அவள் எந்தக் 'கட்டத்தில்' இருக்கிறாள் என்று என்னிடம் விசாரித்தார்கள். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று துக்கத்துக்குப் படி வைத்துச் சொல்வார்களே, அந்த ஐந்து கட்டம்தான். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் அதை எழுதியது, சாகப்போகும் நோயாளிகளிடம் பேசிவிட்டு, அவர்களைப் பற்றி. பின்னால் நிற்கிறவர்களுக்கு அதை மாட்டிவிட்டது அப்புறம் நடந்தது. மட்டமான துக்க நாவல்கள் இந்த ஐந்து படியையும் அத்தியாயமாக வைத்து ஏறி முடித்துவிடும். மகள் ஐந்தையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு இரண்டு வருடம் துப்பறியும் கதைகளாகவே வாசித்தாள். "அதில் யார் செத்தாலும் எதனால் என்று கடைசியில் தெரிந்துவிடும்பா" என்றாள்.

*

கேள்வி கேட்டவன் மறுபடி வருகிறேன். ஐயா, இதை எதிர்ப்பாட்டு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஐந்தில் ஒன்றாவது கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்ததா?

*

ஒன்று வந்தது. எது என்று கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்.

*

ரொம்ப நேரமாக எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எல்லாம் துக்கப்பட்டவர்கள். நான் இன்னொருவர் துக்கத்தை அடித்தவள்.

என் மகனும் பக்கத்து வீட்டுப் பையனும் ஒரே வகுப்பு, ஒரே பேருந்து. ஜன்னலோர இருக்கைக்குத் தினமும் சண்டை. அந்தக் குழந்தை ஒரு விபத்தில் இறந்துபோனது. மறுநாள் என் மகன், பத்து வயது, "இனிமே ஜன்னல் சீட் எனக்குத்தானேம்மா?" என்றான். கை ஓங்கி அறைந்துவிட்டேன். "மனுஷனா நீ?" என்றும் கேட்டேன். அவன் அழவில்லை.

பல வருடம் கழித்து 'பிரிட்ஜ் டு டெராபித்தியா' வாசித்தேன். கேத்தரின் பேட்டர்சன், 1977. அவருடைய மகனின் எட்டு வயதுத் தோழி இடி தாக்கி இறந்ததிலிருந்து பிறந்த கதை. அதில் ஓட்டப் பந்தயத்தில் தன்னைத் தோற்கடித்த தோழி இறந்த சேதி வந்ததும் அந்தப் பையனுக்கு ஒரு எண்ணம் ஓடும்: இனி வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவன் நான்தான். அதை எழுதியவர் அவனை அறையவில்லை. அவன் தலையில் அது ஓடுவதைக் காட்டிவிட்டு அவனோடேயே நடந்துபோகிறார்.

மகனுக்கு இப்போது பத்தொன்பது. புத்தகத்தை அவன் மேஜையில் வைத்திருக்கிறேன், எடுத்தானா தெரியவில்லை. நானும் இன்னும் வாயைத் திறக்கவில்லை. பேருந்தில் ஏறினால் ஜன்னல் பக்கம் காலியாக இருந்தாலும் அவன் ஓர இருக்கையில்தான் உட்காருவான்.