வயித்துல அம்பு பட்ட மான் கிடைக்கலை, இனி என்ன செய்யலாம்?

கேள்வி (பரண்வாசி):
அமெரிக்காவுல மிச்சிகன், அக்டோபர் நடு. பரண்லேர்ந்து 32 யார்டு, ஒயிட்டெயில் (வெள்ளைவால்) மான், பெட்டை. காம்பவுண்ட் வில் (கப்பி வச்ச வில்), 100 கிரெயின் (சுமார் 6.5 கிராம்) மெக்கானிக்கல் ப்ராட்ஹெட், அதாவது பட்டதும் கத்தி விரியற அம்பு முனை. அம்பு ஊடுருவி வெளியே வந்துடுச்சு. அதுல பச்சைப் பிசுக்கு, ஒரே நாத்தம். மான் முதுகைக் கூனிக்கிட்டு நடந்து போச்சு. 40 நிமிஷத்துல இறங்கிட்டேன். 150 யார்டுல படுத்திருந்தது எழுந்து ஓடிடுச்சு. அதுக்கப்புறம் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இப்ப 15 மணி நேரம் ஆச்சு. இன்னும் தேடணுமா? இந்த சீசன்ல மறுபடி வில்லைத் தொடலாமா? ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

தடம்பார்ப்பவன்:
தேடணும். பச்சைப் பிசுக்குன்னா இரைப்பை இல்லைன்னா குடல். பிழைக்காது, ஆனா சாக நேரமாகும். நுரைச்ச இளஞ்சிவப்பு ரத்தம்னா நுரையீரல், அரை மணி போதும். கருஞ்சிவப்புன்னா கல்லீரல், குறைஞ்சது 4 மணி. வயித்துல பட்டா 8 முதல் 12 மணி நேரம் விட்டுடணும். அவசரப்பட்டதுதான் தப்பு. விட்டிருந்தா பெரும்பாலும் முதல்ல படுத்த இடத்துலயே கிடந்திருக்கும். சொட்டு நின்னதுலயும் ஆச்சரியமில்லை, குடலோ கொழுப்போ காயத்தை உள்ளேர்ந்து அடைச்சிடும்.

இப்ப படுத்த இடத்துலயும் கடைசியாப் பார்த்த இடத்துலயும் அடையாளத்துக்கு டேப் கட்டுங்க. அந்தப் பகுதியை மிதிச்சுக் குழப்பாதீங்க. தடம் பிடிக்கிற நாய் வச்சிருக்கறவரைக் கூப்பிடுங்க. யுனைடெட் ப்ளட் ட்ராக்கர்ஸ் தளத்துல மாநில வாரியாப் பட்டியல் இருக்கு. மிச்சிகன்ல கயிறு கட்டின நாய்க்கு அனுமதி உண்டு. நாய்க்கு ரத்தம் தேவையே இல்லை, குளம்பு இடுக்குச் சுரப்பி விட்டுட்டுப் போற வாசனையே போதும்.

பரண்வாசி:
நன்றிண்ணா. கடைசியாப் பார்த்த இடத்துக்குக் கீழே 80 யார்டுல ஓடை, அதைத் தாண்டி வேறொருத்தர் நிலம்.

தடம்பார்ப்பவன்:
அப்ப முதல்ல ஓடைதான். வயித்துல அடிபட்ட மான் தண்ணிப் பக்கம் போறது சகஜம். கரையோரப் புதர், சாய்ஞ்ச மரத்தடி, தண்ணிக்குள்ளயும் பாருங்க. அந்த நிலக்காரருக்குப் போன் பண்ணாம ஓடையைத் தாண்டாதீங்க. மான் பின்னால வந்தேன்னு அப்புறம் சொல்றது எடுபடாது.

கெஜக்கோல்:
கறி பத்தி யாரும் சொல்லலை. ராத்திரி 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல இருந்திருந்தா பெரிசா நம்பாதீங்க. கிடைச்சா, பின்தொடையை எலும்பு வரைக்கும் வெட்டி இடுப்பு மூட்டுகிட்ட முகர்ந்து பாருங்க. கெடறது அங்கதான் ஆரம்பிக்கும். புளிச்ச வாடை வந்தா விட்டுடுங்க. கறி கெட்டிருந்தாலும் மானை எடுத்தா டேக் (வேட்டை உரிமச் சீட்டு) மாட்டணும், 72 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல பதிவும் பண்ணணும்.

மனசு விஷயம். மேரிலாந்துல இந்தியன் ஹெட் கடற்படைத் தளத்துல 1989 முதல் 2006 வரை கணக்கு வச்சாங்க. பரீட்சையில தேறின வில்லாளிங்க அடிச்ச மான்கள்லயே 18 சதவீதம் கைக்கு வரலை. இது சமாதானம் இல்லை, இந்த வேட்டையோட விலை.

வில்லைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. நொடிக்கு 280 அடி வேகத்துல 32 யார்டு போக அம்புக்கு நொடியில மூணுல ஒரு பங்குக்கு மேல ஆகும். நாண் சத்தம் அதுல கால்வாசி நேரத்துக்குள்ளயே மான் காதுக்குப் போயிடும். மீதி நேரத்துல அது பாயறதுக்காக உடம்பைத் தாழ்த்தும், திரும்பும். நெஞ்சுக்குக் குறி வச்ச அம்பு பின்னால தள்ளி வயித்துல விழறதுக்கு அது ஒரு காரணம். அதனால 20 யார்டுக்குள்ள, தலை குனிஞ்சு மேயற மானா, பக்கவாட்டுலயோ கொஞ்சம் அப்பால திரும்பியோ நிக்கறதா மட்டும் பாருங்க. நெஞ்சோட கீழ் மூணுல ஒரு பங்குல குறி. நிமிர்ந்து உங்களையே பார்க்கிற மானை விட்டுடுங்க.

நாளைக்கே பரண் ஏறாதீங்க. அதே ப்ராட்ஹெட்டோட பரண் உயரத்துலேர்ந்து எய்து பாருங்க. தினமும் முதல் அம்பு எங்க குத்துதுன்னு மட்டும் ஒரு வாரம் குறிச்சு வைங்க.

பரண்வாசி:
நாய்க்காரர் 2 மணிக்கு வர்றார். நிலக்காரர் சரின்னுட்டார்.