எல்ஜிபி ஆர்1 பாயிண்டுகளை மாற்றுவதா, சரிசெய்வதா?

கேள்வி: சிப்புட் தடம்

அனைவருக்கும் வணக்கம். இடம் மலேசியாவின் சுங்கை சிப்புட். வீட்டுக்குப் பின்னால், செம்பனை வரிசைக்கும் வேலிக்கும் நடுவே தோட்ட மாதிரி ரயிலுக்கான 45 மி.மீ. அகலப் பாதை. பித்தளைத் தண்டவாளம், டிசி மின்சாரம் தண்டவாளத்திலேயே ஓடுகிறது. ஐந்து பாயிண்டும் (வண்டியை ஒரு தடத்திலிருந்து கிளைத் தடத்துக்குத் திருப்பும் அமைப்பு) எல்ஜிபி நிறுவனத்தின் ஆர்1, அதாவது இறுக்கமான வளைவுள்ளவை, நாக்கை நகர்த்த அதே நிறுவனத்தின் இபிஎல் மோட்டார் பூட்டியவை. தொல்லை மூன்று. இரண்டு அச்சுள்ள சின்ன டீசல் பாயிண்டின் நடுவில் நின்றுவிடுகிறது. போகிப் பெட்டிகள் கிளைப்பாதையில் தடம் புரள்கின்றன, அதிலும் ஒரு குறிப்பிட்ட பெட்டிதான் அடிக்கடி. மழை விட்ட பிறகு இரண்டு மோட்டாரில் டிக் என்ற சத்தம் வருகிறது, நாக்கு (பாதையை மாற்ற நகரும் தண்டவாளத் துண்டு) நகரவில்லை. வளைவு அகன்ற ஆர்3 பாயிண்டுக்கு மாறினால் மூன்றும் தீருமா? ஐந்தையும் ஒரேயடியாக வாங்கப் பணம் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதில் 1: மீட்டர் கேஜ்

வணக்கம் சிப்புட். ஆர்3 வாங்குவதற்கு முன் டிஜிட்டல் கேலிப்பரை எடுங்கள். ஒரே பெட்டி திரும்பத் திரும்பப் புரள்கிறது என்றால் முதல் சந்தேகம் சக்கரத்தின் மேல்தான்.

ஒரே அச்சிலுள்ள இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளங்கள். 40 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். தூரம் கூடினால் சக்கரத்தின் விளிம்பு ஃப்ராக் (பாயிண்டில் இரு தண்டவாளங்கள் குறுக்கிடும் இடம்) மூக்கில் போய் முட்டும். குறைந்தால் காப்புத் தண்டவாளத்துக்கும் (ஃப்ராக்குக்கு எதிரே சக்கரத்தைப் பிடித்து வழிநடத்தும் குட்டைத் தண்டவாளம்) ஃப்ராக்கின் பக்கவாட்டுச் சிறகுக்கும் நடுவே சக்கரங்கள் இறுகி, பெட்டி மேலே தூக்கும். ஒவ்வோர் அச்சையும் மூன்று இடத்தில் சுற்றி அளங்கள். அளவு மாறினால் சக்கரம் கோணலாக ஏறியிருக்கிறது.

அடுத்தது காப்புத் தண்டவாளம். பழைய ஆர்1-இல் இந்த இடைவெளி தாராளம், அதனால் சக்கரம் ஃப்ராக் பக்கம் சாய இடம் கிடைத்துவிடுகிறது. சுமார் 50 மி.மீ. நீளம், 1 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் பட்டையை, ஓடும் தண்டவாளத்தைப் பார்த்த முகத்தில் எப்பாக்சியால் ஒட்டுங்கள். முகத்தை முதலில் உப்புத்தாளால் தேயுங்கள். பட்டையின் இரு முனைகளையும் சரிவாகச் சீவுங்கள், இல்லையென்றால் அந்த முனையே புதுத் தடையாகிவிடும். சக்கர அளவைச் சரிசெய்யாமல் பட்டையை ஒட்டக் கூடாது. அளவு குறைந்த சக்கரங்கள் முன்பைவிட மோசமாக இறுகும்.

ஃப்ராக்கின் தரையையும் பாருங்கள். எல்ஜிபி அமைப்பில் சக்கர விளிம்பு அந்தத் தரையின் மேலேதான் உருண்டு போகிறது. தேய்ந்திருந்தாலும், வேறு நிறுவனத்தின் குட்டை விளிம்புச் சக்கரம் வந்தாலும் வண்டி அங்கே தொப்பென்று இறங்கும். 0.5 மி.மீ. பட்டையை அடியில் ஒட்டி, ஒரு சக்கர ஜோடியைக் கையால் உருட்டிப் பாருங்கள். விரலில் குலுக்கல் தெரியாத வரை சரிசெய்யலாம்.

இவ்வளவுக்கும் செலவு மிகக் குறைவு. ஐந்து பாயிண்டிலும் செய்யுங்கள்.

பதில் 2: குவாரித்தூள்

மேலே அண்ணன் சொன்னதோடு அடித்தளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரச் செம்மண்ணில் நேராகப் போட்ட பாயிண்ட் ஒரு மழைக்காலத்தில் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் எந்த அளவும் நிற்காது. பாயிண்ட் நீளத்தைவிட இரு பக்கமும் ஒரு சாண் கூடுதலாக சிமெண்ட் பட்டை போடுங்கள், நடுவில் நீர் வடிய ஓட்டை விடுங்கள். ரப்பர் மரப் பலகை வேண்டவே வேண்டாம், பூஞ்சையும் கரையானும் சீக்கிரமே தின்றுவிடும். நாக்கு நகரும் இடத்தில் ஜல்லி போடாதீர்கள். ஒரு சின்னக் கல் போதும், நாக்கு முழுதாக ஒட்டாமல் பாதியில் நிற்கும்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். பித்தளை ஒரு பாகை செல்சியசுக்கு, மீட்டருக்கு ஏறக்குறைய 0.019 மி.மீ. நீளும். விடியலில் 24, உச்சி வெயிலில் 60 பாகை என்று வைத்தால் 10 மீட்டர் பாதை கிட்டத்தட்ட 7 மி.மீ. வளரும். அந்தத் தள்ளல் முழுவதும் பாயிண்டின் மேல் விழுந்தால் அதுதான் வளையும். பாயிண்டைச் சிமெண்டில் இறுக்கித் திருகாமல், தள்ளலை வாங்கிக்கொள்ளும் இடைவெளி இணைப்பைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள்.

பதில் 3: 18 வோல்ட்

மின்சாரப் பக்கம் நான் சொல்கிறேன். டீசல் நிற்பதற்குப் பிளாஸ்டிக் ஃப்ராக் ஒரு பாதி காரணம். மறு பாதி, நாக்குக்கும் அதைத் தொடரும் தண்டவாளத்துக்கும் போகும் உள் இணைப்பு ஈரத்தில் பச்சை பூத்துவிடுவது. மல்டிமீட்டரில் நாக்கின் நுனிக்கும் நுழைவுத் தண்டவாளத்துக்கும் எதிர்ப்பைப் பாருங்கள். ஓம் கணிசமாகத் தெரிந்தால் 0.5 சதுர மி.மீ. வளையும் ஒயரால் தனி இணைப்புக் கொடுங்கள். பித்தளை சூட்டை இழுத்துவிடும், சின்ன சால்டரிங் அயர்ன் எடுபடாது, பிளாஸ்டிக் கட்டைதான் உருகும். 80 வாட் அயர்ன், இரு பக்கமும் ஈரத்துணி. அது கஷ்டமென்றால் தண்டவாளத்தின் நடுத்தகட்டில் துளையிட்டு எம்2 துருப்பிடிக்கா ஸ்க்ரூவால் ஒயரை இறுக்குங்கள்.

மோட்டார் விஷயம்: இபிஎல்-க்கு இரண்டே ஒயர், மின்சாரத்தின் திசை மாறினால் நாக்கின் திசை மாறும். பட்டனைத் தட்டி விடவேண்டும், பிடித்துக்கொண்டே இருந்தால் சூடாகும். நீங்கள் சொல்லும் டிக் சத்தத்துக்குப் பெரும்பாலும் மூன்றில் ஒன்று காரணம்: தூரத்தால் வோல்ட் இறங்குவது, நாக்கு இறுகுவது, மோட்டார் பெட்டிக்குள் எறும்பு. மோட்டாரைக் கழற்றி, நாக்கைச் சுண்டு விரலால் தள்ளுங்கள். கனமாக இருந்தால் குற்றம் மோட்டாரில் இல்லை. லேசாக நகர்ந்தால் மூடியைத் திறங்கள். நம் ஊரில் மண்ணும் முட்டையுமாக எறும்புக் கூடே இருக்கும். சுத்தம் செய்து, ஒயர் நுழையும் ஓட்டையை சிலிக்கானால் அடையுங்கள். அடியிலுள்ள வடிகாலை மட்டும் அடைக்காதீர்கள், உள்ளே வியர்த்த நீர் போக வழி வேண்டும்.

நாக்குக்கு எண்ணெய் தடவாதீர்கள், தூசி பிடிக்கும். கிராஃபைட் தூளும் கூடாது, அது மின்சாரம் கடத்தும். உலர்ந்த சிலிக்கான் ஸ்ப்ரே போதும்.

பதில் 4: சிப்புட் தடம்

நன்றி அண்ணா எல்லோருக்கும். அளந்துவிட்டேன், அந்தப் பெட்டியில் ஓர் அச்சு 39.1 மி.மீ. அப்போ ஆர்3 தேவையே இல்லையா?

பதில் 5: மீட்டர் கேஜ்

39.1 என்றால் காரணம் கிடைத்தாகிவிட்டது. சக்கரத்தைத் திருகிக்கொண்டே வெளியே இழுங்கள், சுத்தியல் வேண்டாம்.

ஆர்3 எங்கே தேவை என்றால், பெரிய வண்டி வேகமாக ஓடும் மெயின் லைன் நுழைவில். ஆர்1-இன் ஆரம் 600 மி.மீ., ஆர்3-இன் ஆரம் 1195. நம் நாட்டு ரயிலின் மீட்டர் கேஜை (1 மீட்டர் அகலப் பாதை) 1:22.5 அளவில் சுருக்கினால் 44.4 மி.மீ., அதாவது உங்கள் 45 பாதைதான். அதே அளவில் 20 மீட்டர் பெட்டி 89 செ.மீ. நீளம் வரும். அதை ஆர்1-இல் வளைத்தால் ஓடினாலும் பார்க்கச் சகிக்காது, பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கும் பக்கவாட்டில் இழுக்கும்.

இடத்தை மட்டும் முன்கூட்டி அளங்கள். ஆர்1 பிரிவது 30 பாகை, நீளம் 300 மி.மீ. ஆர்3 பிரிவது 22.5 பாகை, நீளம் ஏறக்குறைய 450. விடுபடும் 7.5 பாகையை ஒரு சிறு வளைவுத் துண்டால் ஈடுகட்ட வேண்டும். இரட்டைப் பாதையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில், இரண்டு ஆர்3-ஐ எதிரெதிரே வைத்தால் பாதைகளுக்கு நடுவே சுமார் 18 செ.மீ. கேட்கும். உங்கள் இடைவெளி அதைவிடக் குறைவானால் அந்த இடத்தில் ஆர்1-ஐயே விடுங்கள். யார்டுக்குள் மெதுவாகப் போகும் சின்ன டீசலுக்கு ஆர்1 தாராளம். முதலில் ஒரே ஒரு ஆர்3 வாங்கி மெயின் லைன் நுழைவில் போடுங்கள், கழற்றிய ஆர்1-ஐ யார்டுக்குக் கொடுங்கள்.