டெக்ஸ்சர் (கிராஃபிக்ஸ் கார்டுக்கு அனுப்புற படம்) ஏத்துனா புரோகிராம் மூடிக்குது, டிரைவர்ல பக்-ஆ (பிழையா)? அவசரம்

சிப்புட்வாசி
அண்ணன்மாரே, அவசரம். செம்பனைத் தோட்டத்து ட்ரோன் படத்தைத் திறந்து, மரத்து மேல புள்ளி வைக்கிற சின்ன புரோகிராம். சில படம் நல்லா திறக்குது. சில படம் திறந்த உடனே புரோகிராமே மூடிக்குது. அதே படம் கூட்டாளி லேப்டாப்ல மூடல. டிரைவர் பக் மாதிரி இருக்கு, எப்படிச் சுத்திப் போறது? நாளைக்குத் தோட்ட ஆபீஸ்ல காட்டணும்.

செம்பனைக்காடு
விண்டோஸா, லினக்ஸா? எந்த கார்டு? கோடுல எந்த வரியில விழுது (கிராஷ் ஆகுது)? விழுற படத்தோட அகலம், உயரம் என்ன?

தைப்பிங்மழை
ட்ரோன் படம்னா அளவுதான் காரணம். நிறைய கார்டு 16384 பிக்சலுக்கு மேல ஒரே டெக்ஸ்சரா வாங்காது. வெட்டிப் போடுங்க.

கூலிம்காரன்
டிரைவரைச் சுத்தமா அழிச்சுட்டு மறுபடி போடுங்க. நிச்சயம் அதுதான்.

சிப்புட்வாசி
விண்டோஸ் 10, போர்டோட வர்ற கிராஃபிக்ஸ், ஓபன்ஜிஎல் (படம் வரையுற கிராஃபிக்ஸ் லைப்ரரி) 3.3. படத்தைக் கார்டுக்கு அனுப்புற ஜிஎல்டெக்ஸ்இமேஜ்2டி வரியில அக்சஸ் வயலேஷன் (தனக்கில்லாத மெமரியைத் தொட்ட பிழை). டிரைவர் மறுபடி போட்டாச்சு, அதேதான். விழுற படம் 2999 x 2250, ஜேபெக், கையால வெட்டினது. எஸ்டிபி இமேஜ்ல (படம் படிக்கிற லைப்ரரி) ஏத்துறேன், கடைசி ஆர்குமெண்ட் 0, அதாவது படத்துல இருக்கிற கலர் சேனல் எண்ணிக்கையே. 3000 அகலம்னா விழல. கூட்டாளி லேப்டாப்ல 2999 சாஞ்சு தெரியுது. அதை அப்புறம் பார்த்துக்கலாம்.

பழையகை
படம் சாயுதுங்கிறதை முதல்லயே எழுதியிருந்தா மத்தவங்க நேரம் மிச்சமாகியிருக்கும். அடிப்படையைப் படிக்காம டிரைவர் மேல பழி போடுறது இங்க வழக்கமாப் போச்சு.

ஜேபெக் கலர் படம் பிக்சலுக்கு 3 பைட். 2999 பிக்சல்னா வரிசைக்கு 8997 பைட். அன்பேக் அலைன்மெண்ட் (வரிசை எத்தனை பைட் மடங்குல தொடங்கணும்ங்கிற ஓபன்ஜிஎல் செட்டிங்) நீங்க மாத்தாத வரைக்கும் 4. அதனால ஒவ்வொரு வரிசையும் 4-ஆல வகுபடுற இடத்துல தொடங்கும்னு ஓபன்ஜிஎல் எடுத்துக்கும், 9000 பைட் தள்ளி அடுத்த வரிசையைத் தேடும். வரிசைக்கு 3 பைட் பிசகு. அதான் படம் சாயுது. 2249 வரிசை தாண்டும்போது 6747 பைட் பிசகிடும், அவ்வளவும் உங்க பஃபருக்கு (படம் இருக்கிற மெமரி) வெளியே படிக்கும். வெளியே மெமரி இருந்தா கூட்டாளி லேப்டாப் மாதிரி தப்பான படம். இல்லன்னா அக்சஸ் வயலேஷன். 3000 x 3 = 9000, மீதியே இல்ல, அதனால அது விழல. பிழை சொல்ற ஜிஎல்கெட்எரர் ஃபங்ஷன் இதைப் பிடிக்காது. பஃபர் எவ்வளவு நீளம்னு அதுக்கு நீங்க சொல்லவே இல்லையே.

ஜிஎல்டெக்ஸ்இமேஜ்2டிக்கு முந்தின வரியில ஜிஎல்பிக்சல்ஸ்டோர்ஐ கூப்பிட்டு, அன்பேக் அலைன்மெண்டை 1 ஆக்குங்க. காண்டெக்ஸ்ட் (ஓபன்ஜிஎல் வேலை செய்யுற சூழல்) உருவாகி, கிளாட் (ஓபன்ஜிஎல் ஃபங்ஷன்களை ஏத்துற லோடர்) ஏறின பிறகுதான் கூப்பிடணும். முன்னாடி கூப்பிட்டா ஃபங்ஷன் பாயிண்டர் காலியா இருக்கும், அங்கேயே விழும்.

தைப்பிங்மழை
அதுக்குப் பதிலா எஸ்டிபி கடைசி ஆர்குமெண்டை 4 ஆக்கி, ஃபார்மட்டை ஆர்ஜிபிஏன்னு (பிக்சலுக்கு 4 பைட்) கொடுங்க. எந்த அகலமும் 4-ல சரியா உட்காரும். பல கார்டு உள்ளுக்குள்ள 4 பைட்டாத்தான் வைக்கும்.

பழையகை
20 எம்பி படம் 27 எம்பி ஆகும். ஒரு வரிக்கு இவ்வளவு எதுக்கு?

தைப்பிங்மழை
அந்த ஒரு வரியை வேற லைப்ரரி 4-க்கு மாத்திட்டா பழைய குருடி கதவைத் திறடிதான். 7 எம்பி எனக்குப் பெரிசில்ல.

பழையகை
அதுக்குத்தான் ஒவ்வொரு அப்லோடுக்கும் முன்னாடி போடணும்னு சொன்னேன். படிச்சுட்டு எழுதுங்க.

கூலிம்காரன்
நான் சொன்னது தப்பு, டிரைவர் இல்ல.

சிப்புட்வாசி
1 போட்டேன். 2999 திறந்துடுச்சு, கூட்டாளி லேப்டாப்லயும் நேரா இருக்கு. நன்றி அண்ணே.

செம்பனைக்காடு
நாளைக்கு முழுத் தோட்டப் படமும் காட்டுவீங்களா? அதுக்குத் தைப்பிங்மழை சொன்ன அளவுச் சிக்கல் வரும். ஜிஎல்_மேக்ஸ்_டெக்ஸ்சர்_சைஸ் (கார்டு வாங்குற பெரிய டெக்ஸ்சர் அளவு) என்னன்னு கேட்டுப் பார்த்து, 4096 துண்டா வெட்டுங்க. 18001 அகலம்னா நாலு துண்டு போக ஓரத்துல 1617 மிஞ்சும், அதுவும் 4-ல வகுபடாது. அந்த ஓரத் துண்டுக்கும் அலைன்மெண்ட் 1 இருக்கான்னு பாருங்க. முழுப்பட அகலம் எவ்வளவு?