வேலையில் பட்ட காயத்தை நிர்வாகத்திடம் சொன்னபோது என்ன நடந்தது?

கோவை, பிரஸ் ஷாப்

பம்ப் மோட்டாருக்குத் தகடு அடிக்கும் பவர் பிரஸ் என்னுடையது. இரவு ஷிப்டில், டைக்குள், அதாவது அச்சுக்குள், சிக்கிய தகட்டை எடுக்கும்போது மேலிருந்து அழுத்தும் ராம் இறங்கிவிட்டது. இடது ஆள்காட்டி விரலின் நுனி போயிற்று. வண்டியில் ஏற்றும்போதே சூப்பர்வைசர் காதோரம் சொன்னார்: “டாக்டர் கேட்டால் வீட்டுக் கதவில் நசுங்கியது என்று சொல்லப்பா. செலவை முதலாளி பார்த்துக்கொள்வார்.” கெட்ட மனிதர் இல்லை. தன் துண்டைக் கிழித்து எனக்குக் கட்டுப் போட்டவரே அவர்தான். ஆனாலும் அவர் சொன்னபடி நான் சொல்லவில்லை. எங்கே, எப்படி, எத்தனை மணிக்கு என்று மருத்துவமனையில் கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன், விபத்துப் பதிவேட்டில் ஏறியது. ஏ.ஆர். என்று சொல்லும் அந்தப் பதிவேட்டின் நகல்தான் பிறகு கைகொடுத்தது.

பலருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் நோய் என்று விடுப்பு எடுத்தால் கூலியில் 70 சதவீதம்தான். ஆண்டுக்கு 91 நாளோடு சரி. அதற்கும் போதுமான நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலைக் காயம் என்று பதிவானால் 90 சதவீதம், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பட்டிருந்தாலும் உண்டு. விரல் போனதால் ஏற்பட்ட இழப்பை மெடிக்கல் போர்டு சதவீதமாக நிர்ணயித்தால் ஆயுள் முழுக்கத் தொகை வரும். கதவின் மேல் பழியைப் போட்டிருந்தால் இதில் எதுவும் எனக்கு இல்லை.

கம்பெனி அனுப்ப வேண்டிய விபத்து அறிக்கை, அதாவது 12ஆம் படிவம், நகரவே இல்லை. “முதலாளி வெளியூர்” என்றார்கள், “சர்வர் வேலை செய்யவில்லை” என்றார்கள். வெள்ளைத்தாளில் நடந்ததை எழுதி ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் கம்பெனிக்கு அனுப்பினேன். நகலை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கினேன். அதற்குப் பிறகு சர்வர் நன்றாகவே வேலை செய்தது.

திருப்பூர், ஓவர்லாக் டெய்லர்

அண்ணா, எங்கள் கம்பெனி ஏற்றுமதிக் கம்பெனி. எனக்கு ஊசி உடைந்து விரலில் ஏறியது. ஓடி வந்த லைன் சூப்பர்வைசர் முதலில் தேடியது ஊசித் துண்டுகளைத்தான். குழந்தைகள் போடும் பனியனில் துண்டு ஏதாவது போய்விட்டால் ஆர்டரே போய்விடும் என்ற பயம். கிடைத்ததை, உடைந்த ஊசிகளைப் பதியும் நீடில் ரிஜிஸ்டரில் செலோடேப் போட்டு ஒட்டினார்கள். நுனி மட்டும் இல்லை. கட்டுக் கட்டாகத் துணியை மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்த்தார்கள். நுனி என் விரலுக்குள் இருந்தது; எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. பிறகு சீழ் பிடித்து, வாரக்கணக்கில் வேலைக்குப் போக முடியவில்லை.

எச்.ஆர். மேடமிடம் போனேன். “ஊசி குத்தாத டெய்லர் உண்டா அக்கா? இதையெல்லாமா விபத்து என்று எழுதுவார்கள்?” என்றார். கம்பெனியின் விபத்துப் பதிவேட்டில் என் பெயரே இல்லை. நீடில் ரிஜிஸ்டரை எடுக்கச் சொன்னேன். தேதி, மெஷின் எண், என் டோக்கன் எண், சூப்பர்வைசர் கையெழுத்து எல்லாம் இருந்தன. துண்டுகளுக்குப் பக்கத்தில் ‘நுனி கிடைக்கவில்லை’ என்று அவர்கள் கையாலேயே எழுதியிருந்தார்கள். சரக்கு வாங்கும் பையரின் தணிக்கைக்காக அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கும் புத்தகம்! மேடம் எக்ஸ்ரேயையும் அந்தப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று மாலையே அறிக்கை போனது.

சிங்கப்பூர், கட்டுமானம்

இங்கே சிக்கல் வேறு மாதிரி. காயத்தை மறைக்கச் சொல்ல மாட்டார்கள், சுருக்கச் சொல்வார்கள். சாரத்திலிருந்து இறங்கும்போது எனக்குக் கணுக்கால் பிசகியது. “எம்.சி. வேண்டாம், லைட் டியூட்டி போதும் என்று டாக்டரிடம் கேள் தம்பி” என்றார் கூட வந்தவர். எம்.சி. என்பது மருத்துவ விடுப்புச் சீட்டு; லைட் டியூட்டி என்றால் விடுப்பில்லாமல் இலகுவான வேலை. முன்பு சில நாள் எம்.சி. மட்டும் என்றால் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்காமல் விட முடிந்தது. 2020 செப்டம்பர் முதல் வேலைக் காயத்துக்கு ஒரு நாள் எம்.சி. தந்தாலும், லைட் டியூட்டி தந்தாலும் முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். கூட வந்தவருக்கு அது தெரியவில்லை போலும். கிளினிக்கிலிருந்தே எம்.சி. சீட்டின் படத்தை மேற்பார்வையாளருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன்; விழுந்த இடத்தையும் நேரத்தையும் கீழே எழுதினேன். நிறுவனம் அறிக்கை தந்துவிட்டது. தராவிட்டாலும், விபத்து நடந்து ஓராண்டுக்குள் தொழிலாளியே அமைச்சில் இழப்பீடு கோரலாம்.

ஓசூர், மெஷின் ஷாப்

திருப்பூர் தங்கை சொன்னது எங்களுக்கும் பொருந்தும். எங்களிடம் ஊசிப் புத்தகம் இல்லை, புரொடக்‌ஷன் கார்டு உண்டு. மெஷின் பத்து நிமிடம் நின்றாலும் காரணம் எழுதியாக வேண்டும். என் நண்பருக்கு அடிபட்ட அன்று ‘ஆபரேட்டர் இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். ஏன் இல்லை என்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டபோது கம்பெனி ஆளால் பதில் சொல்ல முடியவில்லை.