லாரா 1.8 டிஎஸ்ஐ, ரீமேப்புக்குப் பின் கிளட்ச் வழுக்குது: எதைப் போடுவது?

கோவை_லாரா

வணக்கம். வண்டி ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல். கம்பெனி டார்க் (முறுக்கு விசை) 250 நியூட்டன் மீட்டர். எஞ்சின் மென்பொருளை மாற்றிய ரீமேப்புக்குப் பிறகு, திறன் அளக்கும் டைனோ மேடையில் 345, அதுவும் நிமிடத்துக்கு 2200 சுற்றிலேயே வந்துவிடுகிறது. ஐந்தாவது கியரில் அந்த இடத்தில் முழுசா மிதித்தால் ஆர்பிஎம் 3000-க்குத் தாவுது, வேகம் ஏறல. இரண்டாவது, மூன்றாவது கியரில் இந்தப் பிரச்சினை இல்லை.

தினசரி ஓட்டம் அவிநாசி ரோடு நெரிசல், அவ்வப்போது கோத்தகிரி ஏற்றம். கடையில் "ஸ்டேஜ் 3, ஆறு பக் செராமிக்" (ஆறு செராமிக் துண்டுகள் பதித்த டிஸ்க்) போடச் சொல்கிறார்கள். அது தேவையா? டூயல் மாஸ் ஃபிளைவீலை (இடையில் ஸ்பிரிங் வைத்த இரட்டைச் சக்கரம்) தூக்கிவிட்டு சிங்கிள் மாஸ் (ஒற்றைச் சக்கரம்) போடலாமா?

உராய்வு

முதலில் "ஸ்டேஜ்" என்ற சொல்லை மறந்துவிடுங்கள். அதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒருவரின் ஸ்டேஜ் 3 இன்னொருவரின் ஸ்டேஜ் 1 ஆக இருக்கும். விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும், அது எஞ்சின் டார்க்கா, சக்கரத்தில் அளந்ததா? குதிரைத்திறன் கணக்கை வைத்து கிளட்ச் வாங்கக் கூடாது. கிளட்சை வழுக்க வைப்பது டார்க். உங்கள் வண்டி 2200 சுற்றில் வழுக்குவதும் அதனால்தான். கீழ் கியரில் வண்டி சட்டென்று முன்னே பாய்ந்துவிடும். மேல் கியரில் முழு டார்க்கும் கிளட்ச் மீது நீண்ட நேரம் உட்காரும்.

கணக்கு எளிது. உராய்வுக் கெழு × அழுத்தும் விசை × சராசரி ஆரம் × உராயும் பக்கங்கள். உதாரணத்துக்கு, வெளி விட்டம் 240 மி.மீ., உள் விட்டம் 160 மி.மீ. என்றால் சராசரி ஆரம் 0.1 மீட்டர். ஆர்கானிக் லைனிங்குக்கு (டிஸ்க்கின் உராயும் பரப்பு) கெழு 0.3, டிஸ்க்கை அழுத்தும் பிரஷர் பிளேட்டின் விசை 6000 நியூட்டன், பக்கங்கள் 2: மொத்தம் 360 நியூட்டன் மீட்டர். உங்கள் 345-க்குப் போதும் போலத் தெரியும். ஆனால் சூடேறி 0.3 என்பது 0.27 ஆனாலே 324-க்கு இறங்கிவிடும். மலை ஏறி முடிக்கும்போது வழுக்கல் அதிகமாவது இப்படித்தான்.

இதைக் கூட்ட மூன்று வழி. அதே ஆர்கானிக் டிஸ்க்கை வைத்துக்கொண்டு பிரஷர் பிளேட்டின் விசையை 25% கூட்டினால் 450; பெடல் கொஞ்சம் கனக்கும். விசையைத் தொடாமல் 0.4 கெழுவுள்ள செராமிக் போட்டால் 480. பெடல் லேசாகவே இருக்கும், ஆனால் பிடிக்கும்போது சட்டென்று கவ்வும். இரண்டு டிஸ்க் போட்டால் பக்கங்கள் நான்கு, கொள்ளளவு இரட்டிப்பு, விலையும் அதற்கேற்ப.

உங்களுக்கு 20 முதல் 30 சதவீதம் உபரி போதும், அதாவது 415 முதல் 450 வரை. முதல் வழியே சரி. ஆறு பக் செராமிக்கை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினால் அதிரும், ஃபிளைவீல் முகத்தையும் சீக்கிரம் தின்னும். கெவ்லார் லைனிங் வழுவழுப்பாகப் பிடிக்கும், ரொம்ப நாளும் உழைக்கும். ஆனால் ஒருமுறை அதிகமாகச் சூடேறி மினுமினுப்பாகிவிட்டால் பழைய பிடி எளிதில் திரும்பாது. ஏற்றத்தில் ஓட்டுகிற வண்டிக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை.

இன்னொன்று. 700, 800 தாங்கும் கிளட்சை "எதற்கும் இருக்கட்டும்" என்று போடாதீர்கள். வழுக்க வேண்டிய இடத்தில் கிளட்ச் வழுக்காவிட்டால் அந்த அடி டிஃபரன்ஷியலுக்கும் டிரைவ் ஷாஃப்ட்டுக்கும் போகும். பிரஷர் பிளேட் அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால், பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் ஷாஃப்ட் முன்னால் தள்ளப்பட்டு, அதைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் தேயும்.

பெல்ஹவுசிங்

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் வாங்கும் முன் பழைய கிளட்ச் ஏன் வழுக்குகிறது என்று பாருங்கள். கியர்பாக்ஸை இறக்கியதும் டிஸ்க்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் பக்கம் ரியர் மெயின் சீல், கியர்பாக்ஸ் பக்கம் இன்புட் ஷாஃப்ட் சீல். இரண்டில் ஒன்று கசிந்தாலும் எந்த விலைக் கிளட்சும் வழுக்கும். ஃபிளைவீல் முகத்தில் நீலத் திட்டுகள் இருந்தால் அது சூட்டின் தடம்.

டூயல் மாஸை மாற்றுவது பற்றி: தினசரி வண்டிக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் துடிப்பை கியர்பாக்ஸுக்குப் போகாமல் உள்ளிருக்கும் ஸ்பிரிங்குகள் வாங்கிக்கொள்கின்றன. சிங்கிள் மாஸ் போட்டால் நியூட்ரலில் கடகடவென்று சத்தம் வரும், பெடலை மிதித்தால் நிற்கும். கெடுதல் இல்லை, ஆனால் சிக்னலுக்குச் சிக்னல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எடை மிகக் குறைந்த ஃபிளைவீல் என்றால் ஏற்றத்தில் வண்டி எடுக்கும்போது எஞ்சின் நின்றுபோகும்.

பழைய டூயல் மாஸைக் கையால் திருப்பிப் பாருங்கள். சுழலும் ஆட்டமும், சாய்ந்தாடும் ஆட்டமும் தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள் இருக்க வேண்டும். கிரீஸ் கசிந்திருந்தால் புதிது.

கோவை_லாரா

நன்றி. ஒருவேளை டூயல் மாஸ் போயிருந்தால்? விலையைப் பார்த்தால் சிங்கிள் மாஸ் செட் கிட்டத்தட்ட அதே அளவுதான் வருகிறது.

பெல்ஹவுசிங்

அப்படியென்றால் சிங்கிள் மாஸ் எடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு: டிஸ்க்கின் நடுவில் ஸ்பிரிங் இருக்க வேண்டும். டூயல் மாஸுக்கான டிஸ்க் பலவற்றில் ஸ்பிரிங் இருக்காது, அந்த வேலையை ஃபிளைவீல் செய்கிறது. அந்த டிஸ்க்கை சிங்கிள் மாஸோடு சேர்த்தால் துடிப்பை வாங்க எதுவுமே இல்லாமல் போய்விடும். சிங்கிள் மாஸ் எடுத்தால் எடை கூடியதாகவே எடுங்கள்.

உராய்வு

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை. ஃபிளைவீல் போல்ட்டுகள் புதிதாக இருக்கட்டும், அவை ஒருமுறை முறுக்கினால் நீளும் வகை. ஃபிளைவீல், பிரஷர் பிளேட் முகங்களை பிரேக் கிளீனரால் துடையுங்கள். அனுப்பும்போது தடவிய துரு எண்ணெய் அப்படியே இருக்கும். ஸ்பிளைனில் (டிஸ்க் மாட்டும் ஷாஃப்ட்டின் பற்கள்) கிரீஸ் பூச்சு மெல்லிசாக இருக்க வேண்டும், உபரியைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சுழலும்போது லைனிங் மீது தெறிக்கும். டிஸ்க்கின் எந்தப் பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும் என்பது அதன் மேலேயே இருக்கும். ஜெர்மன் டிஸ்க்குகளில் "கெட்ரீபசைட்ட" (Getriebeseite) என்று எழுதியிருந்தால் அது கியர்பாக்ஸ் பக்கம். திருப்பிப் போட்டால் கிளட்ச் விடாது, கியர் விழாது. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கமாக இறுக்கினால் பிளேட் வளையும், அதிர்வு அங்கிருந்துதான் வரும்.

கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள், அதற்காக மறுபடி கியர்பாக்ஸை இறக்கும் கூலி வீண். கிளட்ச் ஹைட்ராலிக்கில் டாட் 4 எண்ணெய் புதிது ஊற்றி, காற்று முழுக்க வெளியே வரும்வரை பிளீட் செய்ய வேண்டும்.

பிறகு 800 கிலோமீட்டர் ஊருக்குள். நெடுஞ்சாலை தூரம் கணக்கில் சேராது, ஏனென்றால் லைனிங் படிவது கிளட்ச் பிடித்து விடும்போதுதான். அதுவரை பழைய கம்பெனி மேப்பை ஏற்றி ஓட்டுங்கள். முடித்ததும் டியூனரிடம் 2500 சுற்றுக்குக் கீழே டார்க் கொஞ்சம் மெதுவாக ஏறும்படி மாற்றச் சொல்லுங்கள்; மலையில் ஓட்டுவதற்கும் அதுதான் நல்லது.