லினக்ஸ் போட்டாப் பறக்குமோ?

சுன்னாகத்தான்:
நேற்று இஞ்ச ஒருத்தர் எழுதியிருக்கிறார். விண்டோஸைத் தூக்கி எறிஞ்சிட்டு உபுண்டு லினக்ஸ் போட்டாராம். ஸ்ரான்லி வீதியில வாங்கின சாதா எஸ்எஸ்டி. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் இப்ப செக்கனுக்கு 9,000 கொமிட், அதாவது முடிஞ்ச பதிவு, எழுதுதாம். "சேர்வர் வாங்கிறவன் விசரன்" எண்டு கடைசியில ஒரு குத்து வேற. இருவது வருசமா உந்த வேலைதான் பாக்கிறன். ஒண்டே ஒண்டு கேக்கிறன்: கொமிட் டிஸ்கில உண்மையா இறங்குமட்டும் காத்து நிக்கிற எஃப்சிங்க் ஓனா, ஓஃபா?

பனங்கொட்டை:
அது நான்தான் அண்ணை. பேரைச் சொல்லியே ஏசலாம். மைக்ரோசொஃப்டே 2017இல எஸ்கியூஎல் சேர்வரை லினக்ஸுக்குக் கொண்டு வந்திட்டான். நீங்கள்தான் இன்னும் விண்டோஸைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்.

சுன்னாகத்தான்:
விண்டோஸைப் பற்றி ஆர் கேட்டது? ஓனா, ஓஃபா?

கேணியடி:
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. அம்பது பேர் ஒரேயடியா எழுதினா, ஒரு எஃப்சிங்கில கன கொமிட் சேர்ந்து போகும். ஒராள் மட்டும் எழுதினதோ, அம்பது பேரோ எண்டு முதல்ல சொல்லுங்கோ. பிறகு, 2018இல வந்த சிக்கலை மறந்திட்டியளே? டிஸ்கில எழுதேக்க பிழைச்சா, லினக்ஸ் ஒருக்காச் சொல்லும். திருப்பிக் கேட்டா எல்லாம் சரி எண்டிடும். ஃபிரீபிஎஸ்டி எண்டு லினக்ஸ் மாதிரி இன்னொரு ஓஎஸ் இருக்கு, அது அப்பிடிச் செய்யேல்லை.

பனங்கொட்டை:
வந்திட்டார் ஃபிரீபிஎஸ்டி! ஊரில அதைப் போட்டிருக்கிற மற்ற ஆளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.

செந்தமிழன்_நல்லூர்:
சேர்வர் இல்லை, வழங்கி. தமிழில எழுதப் பழகுங்கோ.

சுன்னாகத்தான்:
உந்த வழங்கியைப் பேந்து பாப்பம். தம்பி, பழைய 7,200 டிஸ்க் செக்கனுக்கு 120 தரம்தான் சுத்தும். ஒராள் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாக் கொமிட் பண்ணினா, ஒழுங்கா எழுதிற டிஸ்கில சுத்துக்கு ஒண்டுதான், 120ஐத் தாண்டேலாது. எஸ்எஸ்டி அதைவிடக் கூட எழுதும், ஓம். ஆனா சேர்வர் எஸ்எஸ்டியைக் கழட்டிப் பாத்திருக்கிறீரோ? ஓரத்தில மஞ்சள் மஞ்சளாக் கப்பாசிற்றர் வரிசையா இருக்கும். கரண்ட் போனாலும் கையில இருக்கிறதை எழுதி முடிக்கத்தான் அது. அதுக்காகவே எம்.2 வகை எஸ்எஸ்டியில சிலது 110 மில்லிமீற்றர் நீளம். உம்மட மதர்போட்டில ஆணி 80இலயே முடிஞ்சிடும்.

பனங்கொட்டை:
யூபிஎஸ் இருக்கு.

சுன்னாகத்தான்:
2022 பங்குனிக் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்கள். உம்மட யூபிஎஸ் எத்தினை நிமிசம் தாங்கினது? அப்ப எனக்குத் தெரிஞ்ச ஒரு கடையில, உம்மைப்போல ஒரு கெட்டிக்காரன் எஃப்சிங்கை நிப்பாட்டி வைச்சிருந்தவன். கரண்ட் வந்தாப்பிறகு டேட்டாபேஸ் எழும்பேல்லை. மூண்டு நாள் பில்லையும் கார்பன் கொப்பியைப் பாத்துத் திருப்பி அடிச்சம். நானும் இருந்து அடிச்சனான். விரல் நுனியெல்லாம் நீலம். அதுதான் கேக்கிறன், ஓனா, ஓஃபா?

பனங்கொட்டை:
ஆரோ விட்ட பிழைக்கு என்னில ஏறாதேங்கோ. உங்கட உண்மையான கோவம் என்னெண்டு எனக்குத் தெரியும். மாசியில தந்த ரேம்.

சுன்னாகத்தான்:
ஓம், தந்தனான்! பிழையைத் தானே திருத்திற ஈசிசி ரேம் ரெண்டு. காசு இன்னும் வரேல்லை.

பனங்கொட்டை:
அது சேர்வருக்குரிய ரெஜிஸ்டர்ட் ரேம். என்ர மெசினில பூட்டே ஆகேல்லை. தெரிஞ்சுகொண்டுதான் தந்தனீங்கள்.

சுன்னாகத்தான்:
சேர்வர் வாங்கியிருந்தா ஆகியிருக்கும்.

செந்தமிழன்_நல்லூர்:
வழங்கி.

கேணியடி:
ஒராளோ அம்பதோ எண்டு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை. போஸ்ட்கிரஸ் எழுதிற ஒரு பக்கம் 8 கிலோபைட், ஸெட்எஃப்எஸ் எண்ட ஃபைல்சிஸ்டத்தைச் சும்மா விட்டா 128இல நிக்கும். அதை மாத்தாமல் வேகத்தைப் பற்றிக் கதைக்கிறதே...

பனங்கொட்டை:
நான் ஸெட்எஃப்எஸ் போடவே இல்லை!

சுன்னாகத்தான்:
என்ன ஃபைல்சிஸ்டம் எண்டு நான் கேக்கேல்லை. ஓனா, ஓஃபா?

பனங்கொட்டை:
சனிக்கிழமை கடைக்கு வாறன். உங்கட ரேமையும் கொண்டுவாறன். அதையே திருப்பி எடுங்கோ.

சுன்னாகத்தான்:
பாவிச்ச ரேம் எடுக்கிறேல்லை. காசோட வாரும். போஸ்ட்கிரஸ் கொன்ஃபிக் ஃபைலையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாரும்.